பழைய வண்டிக்குப் பின் அச்சு தேர்ந்தெடுக்கும் முறை

நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் சங்கமாயினும், அதன் சொந்த வண்டி என்பது அங்கத்தினர் அனைவருடைய பங்குப் பணமும் நான்கு சக்கரங்களின்மேல் நிற்பதாகும். ஆலையிலிருந்து நூல் மூட்டை வருவதும், சாயப் பட்டறைக்குச் சிட்டா நூல் போவதும், நெய்த துணி கிடங்கு சேர்வதும், பல்லடம், காங்கயம், உடுமலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தக்காளியும் சின்ன வெங்காயமும் தேங்காயும் சந்தை சேர்வதும் அவ்வண்டியை நம்பியே நடைபெறுகின்றன. பல்லாண்டு உழைத்த பிக்கப் வண்டியொன்று பின் அச்சு முறிந்து வேப்பமரத்தடியில் நின்றுவிட்டால், நிர்வாகக் குழுவின்முன் மூன்று வழிகள் உள்ளன. புதிய அச்சு வாங்கலாம். காயலான் கடையில் பழைய அச்சு வாங்கிப் பொருத்தலாம். அல்லது வண்டியையே எடைக்குப் போட்டுவிடலாம். இரண்டாவது வழியே மலிவானதாகத் தோன்றுவது இயல்பு. அது மெய்யாகவே மலிவாகவும், வண்டியில் ஏறுவோர் உயிருக்குப் பத்திரமாகவும் அமைய வேண்டுமாயின் எவற்றை ஆராய வேண்டும் என்பதே இம்மாதப் பாடம்.

‘இது மெக்கானிக்கின் வேலையன்றோ? அங்கத்தினர்களுக்கு எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து எளிய தொழிலாளர்கள், நெசவாளர்கள் பலர் உட்பட, ஒரு சிறு கடையைத் திறந்தனர். கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை என்பவையே அவர்களுடைய முதல் கொள்கைகள். வாங்கும் பொருளை வாங்குபவரே சோதித்தறிய வேண்டும் என்ற அந்தப் பழக்கத்திலிருந்தே கூட்டுறவு வளர்ந்தது. நூல் வாங்கும்போது சிட்டத்தைப் பிரித்துப் பார்க்காத நெசவாளர் நம்மில் இல்லை. பருத்தி விதையைக் கையில் அள்ளிப் பார்க்காத விவசாயியும் இல்லை. அச்சு வாங்கும்போது மட்டும் நாம் கண்ணை மூடிக்கொள்வது தகாது. பொருத்துவது மெக்கானிக்கின் வேலை. தகுதியானதை வாங்குவது குழுவின் பொறுப்பு.

அச்சு செய்யும் வேலைகள்

காங்கயம் காளைகள் பூட்டிய பார வண்டியில் அச்சு பாரத்தை மட்டுமே தாங்குகிறது. சக்கரம் அதன்மீது தன்போக்கில் சுழல்கிறது. கடையாணி அதைக் கழலாமல் காக்கிறது. மோட்டார் வண்டியின் பின் அச்சுக்கோ நான்கு வேலைகள் உண்டு.

முதலாவது, பாரத்தைத் தாங்குதல். இரண்டாவது, என்ஜினிலிருந்து நீளவாட்டில் வரும் சுழற்சியைக் குறுக்குவாட்டில் திருப்பி, வேகத்தைக் குறைத்து, இழுவையைப் பெருக்குதல். நடுவிலுள்ள உருண்டைக்குள் சிறிய பினியன் சக்கரம் பெரிய கிரவுன் சக்கரத்தைச் சுழற்றுவதால் இது நிகழ்கிறது. மூன்றாவது, வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகமாகவும் உட்பக்கச் சக்கரம் குறைவாகவும் சுழல இடங்கொடுத்தல். இதைச் செய்யும் டிஃபரன்ஷியல் என்ற அமைப்பை 1827-இல் பிரான்சு நாட்டுப் பெக்கேர் என்பவர் நீராவி வண்டிக்கென வகுத்தார். நான்காவது, பின் சக்கரங்களின் பிரேக்கைத் தாங்குதல். பழைய அச்சொன்றை நாம் வாங்கும்போது இந்த நான்கையுமே சேர்த்து வாங்குகிறோம். ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் பயன்படா.

முழு மிதவையும் அரை மிதவையும்

பின் அச்சுகளில் இரு வகைகளை அங்கத்தினர்கள் பிரித்தறிய வேண்டும். முழு மிதவை அச்சில், சக்கரத்தின் குடம் அச்சுக் கூட்டின்மேலேயே இரு பேரிங்குகளில் ஓடுகிறது. உள்ளேயுள்ள தண்டு சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே பயன்படுகிறது. பாரம் அதன்மேல் இல்லை. ஆகவே தண்டு ஒடிந்தாலும் சக்கரம் வண்டியிலேயே நிற்கும். குடத்தின் நடுவில் வட்டமாகப் பல போல்ட்டுகள் கொண்ட தட்டு வெளியே புடைத்து நிற்பது இதன் அடையாளம்.

அரை மிதவை அச்சில், தண்டே பாரத்தையும் சுமக்கிறது, சுழற்சியையும் கொடுக்கிறது. பேரிங்குக்கு வெளியே தண்டு ஒடிந்தால் சக்கரமே பிரேக் டிரம்முடன் கழன்று ஓடிவிடும். பழைய ஜீப் வகை வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் எண்ணெய் ஒரே குழாய்த் தொடரில் செல்வது வழக்கமாதலால், கழன்ற சக்கரத்தோடு முழுப் பிரேக்கும் போய்விடக்கூடும். அரை மிதவை அச்சு ஆகாததன்று. இலேசான வண்டிகள் இலட்சக்கணக்கில் அதனைக் கொண்டே ஓடுகின்றன. எனினும் அதன் தண்டை ஆராய்வதில் இருமடங்கு கவனம் தேவை.

நம் நாட்டுப் பழைய பிக்கப் வண்டிகள் பலவற்றின் மூலம் ஜீப்பே. அமெரிக்க வில்லிஸ் நிறுவனம் 1941 முதல் 1945 வரை படைக்குச் செய்த ஜீப்பில் பின் அச்சு முழு மிதவையாக இருந்தது. 1953-இல் வெளிவந்த சி.ஜே.3பி என்ற வகையில் அது அரை மிதவையாக இருந்தது. இவ்வகையையே மகீந்திரா நிறுவனம் உரிமம் பெற்று நம் நாட்டில் நெடுங்காலம் செய்துவந்தது. அதன் தண்டு முனை கூம்பு வடிவானது. குடம் அதன்மேல் ஒரு சாவியாலும் ஒரு நட்டாலும் இறுகி நிற்கிறது. இத்தகைய அச்சில் சாவி பதியும் பள்ளம் அகன்றிருக்கிறதா, கூம்பின்மேல் தேய்ந்த வரிகள் இருக்கின்றனவா என்பதைக் குடத்தைக் கழற்றிப் பார்த்தாலன்றி அறிய முடியாது. கழற்றிக் காட்ட மறுக்கும் கடைக்காரரிடம் வாங்காதிருப்பதே உசிதம்.

பற்களின் கணக்கு

நிறத்தைப் பார்த்து நூல் 40-ஆம் எண்ணா 60-ஆம் எண்ணா என்று சொல்ல முடியாது. அதுபோலவே அச்சின் வெளித்தோற்றத்தைக் கொண்டு அதன் பல் விகிதத்தைச் சொல்லிவிட முடியாது. கிரவுன் சக்கரத்துப் பற்களைப் பினியன் பற்களால் வகுத்தால் வருவதே விகிதம். படை ஜீப்பில் 39 பற்களும் 8 பற்களும், விகிதம் 4.875. சி.ஜே. ஜீப்பில் 43 பற்களும் 8 பற்களும், விகிதம் 5.375. இரண்டும் பார்வைக்கு உடன்பிறந்தவை போலவே இருக்கும்.

மூடியைத் திறந்து பற்களை எண்ணுவதே திண்ணமான வழி. திறக்க இயலாதபோது மற்றொரு வழி உண்டு. ஒரு பக்கத்துக் குடத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்துக் குடத்தை 20 முழுச் சுற்றுகள் சுற்ற வேண்டும். ஒரு பக்கம் நின்று மறுபக்கம் மட்டும் சுழலும்போது கிரவுன் சக்கரம் அதில் பாதியே, அதாவது 10 சுற்றே சுழலும். அதற்குள் பினியன் முகப்பு எத்தனை சுற்று சுழன்றது என்பதைச் சாக்குக்கட்டிக் குறியிட்டு எண்ணி, 10-ஆல் வகுத்தால் விகிதம் வரும். 41 சுற்றானால் 4.1, ஏறக்குறைய 54 சுற்றானால் 5.375. பூட்டு அமைப்பில்லாத சாதாரண டிஃபரன்ஷியலுக்கே இக்கணக்குப் பொருந்தும்.

விகிதம் மாறினால் என்ன? ஒரு கணக்கைப் பார்ப்போம். டயர் ஒரு முறை சுழன்றால் 2.1 மீட்டர் செல்வதாகக் கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 397 முறை சுழலும். மேல் கியரில் புரொபெல்லர் தண்டும் என்ஜினும் ஒரே வேகத்தில் சுழல்வதாகக் கொண்டால், 5.375 விகித அச்சில் என்ஜின் 2,133 சுற்றும், 4.1 விகித அச்சில் 1,627 சுற்றும் சுழலும். அவிநாசி வழியாகச் செல்லும் சேலம்–கொச்சி நெடுஞ்சாலை போன்ற சமதளத்தில் சிறிய விகிதம் என்ஜினுக்கு ஓய்வும் டீசல் சிக்கனமும் தரக்கூடும். ஆனால் நிறைந்த பாரத்துடன் வால்பாறை அல்லது உதகை மலைப்பாதையில் ஏறும் வண்டி அதே அச்சால் திணறும், கிளட்ச் தேயும். ஆகவே அச்சு தேடப் புறப்படுமுன், நம் வண்டி எந்தச் சாலையில், எவ்வளவு பாரத்துடன் ஓடுகிறது என்பதைக் குழு முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே இரண்டு ஆபத்துகளைக் குறிப்பிட வேண்டும். வேகமானி பெரும்பாலும் கியர்பெட்டிப் பக்கத்திலிருந்தே ஓட்டம் பெறுகிறது. 5.375 இருந்த இடத்தில் 4.1 வைத்தால், வேகமானி 50 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 65 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் இதை அறியாவிடில் விபத்து நேரலாம். மற்றொன்று, நான்கு சக்கர இழுவையுள்ள வண்டியைப் பற்றியது. அதில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதமாக இருத்தல் கட்டாயம். வேறுபட்டால் நான்கு சக்கர இழுவையைப் போட்டதும் இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று முறுக்கி உடைத்துக்கொள்ளும்.

அளவு எடுத்துச் செல்லுதல்

துணி வாங்கச் செல்பவர் உடலளவின்றிச் செல்வதில்லை. நம் வண்டியிலிருந்து கழற்றிய பழைய அச்சின் அளவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டே கடைக்குப் போக வேண்டும். எழுத வேண்டியவை இவை:

ஒன்று, ஒரு குடத்தின் வெளிமுகத்திலிருந்து மறு குடத்தின் வெளிமுகம் வரையுள்ள நீளம்.

இரண்டு, வில் பட்டைகள் அமரும் இரு மேடைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரமும், மேடையின் அகலமும்.

மூன்று, அச்சுக் குழாயின் விட்டம். யு போல்ட் இதற்கேற்பவே அமையும்.

நான்கு, பினியன் முகப்பு அச்சின் நடுவில் உள்ளதா, ஒரு பக்கம் ஒதுங்கியுள்ளதா. ஒதுங்கியிருந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு.

ஐந்து, புரொபெல்லர் தண்டின் ஜாயின்ட் பொருந்தும் முகப்பின் துளை எண்ணிக்கையும் இடைவெளியும்.

ஆறு, சக்கர போல்ட்டுகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும்.

ஏழு, பிரேக் டிரம்மின் விட்டம், கைப்பிரேக் கம்பி வரும் வழி.

ஐந்து போல்ட் உள்ள சக்கரத்தில் வட்டத்தின் விட்டத்தை நேராக அளக்க முடியாது. எந்தப் போல்ட்டுக்கும் நேர் எதிரே போல்ட் இராது. அடுத்தடுத்த இரு போல்ட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து 1.7-ஆல் பெருக்கினால் விட்டம் கிடைக்கும். ஜீப்பில் இவ்விடைவெளி சுமார் 82 மில்லிமீட்டர், விட்டம் 139.7 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அங்குலம்.

அச்சு ஓர் அங்குலம் நீண்டிருந்தாலும் டயர் மேற்கூட்டில் உரசக்கூடும். வில் பட்டை மேடை பொருந்தாவிடில் ‘வெல்டிங் வைத்துச் சரிசெய்துவிடலாம்’ என்பார்கள். வெல்டிங்கின் சூட்டால் குழாய் வளைவதுண்டு. தேர்ந்த கையும் பிறகு நேர்மை பார்க்கும் கருவியும் இல்லாத இடத்தில் அதனைச் செய்யலாகாது. அளவுத் தாளில் உள்ள ஏழும் ஒத்துவரும் அச்சு கிடைக்கும்வரை காத்திருப்பதே நல்லது.

கடையில் செய்யும் சோதனைகள்

கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளாயினும், பழைய மோட்டார் பாகங்களுக்குப் பெயர் பெற்ற சென்னைப் புதுப்பேட்டையாயினும், லாரித் தொழில் செழித்த நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களாயினும், சோதனை முறை ஒன்றே.

எண்ணெய். அடித் திருகைக் கழற்றி எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் வடிக்கவும். பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துள்ளது, பேரிங் துருப்பிடித்திருக்கும். காந்தத்தைத் தோய்த்தால் மாவுபோன்ற நுண்துகள் ஒட்டுவது பழைய அச்சில் இயல்பு. செதில்களோ பல்லின் துண்டுகளோ ஒட்டினால் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளலாம். எண்ணெயே இல்லாத அச்சையும் ஐயத்துடன் பார்க்க வேண்டும்.

பற்கள். மூடியைத் திறந்து கிரவுன் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்கவும். பற்களின் தேய்மானம் எல்லாப் பற்களிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் பளபளக்க வேண்டும். நுனி உடைந்த பல், அம்மைத் தழும்புபோல் குழி விழுந்த பல், சூட்டால் நீலம் பாய்ந்த பல் ஆகியவை இருத்தலாகாது. கிரவுனும் பினியனும் ஒன்றாக இழைத்துச் சேர்த்த இணை. ஒன்றை மட்டும் மாற்றுவது பயனற்றது. இணை எண் பொறித்திருந்தால் இரண்டிலும் அது ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆட்டம். பினியன் முகப்பைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் சிறிதும் அசையக் கூடாது. அசைந்தால் பேரிங் தேய்ந்துள்ளது. சுழற்றும்போது பல்லுக்கும் பல்லுக்கும் இடையே சிறு ஆட்டம் இருக்கவே வேண்டும். இது பல வண்டிகளில் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை, அதாவது இரண்டு மூன்று தலைமயிரின் பருமன். சரியான அளவை உற்பத்தியாளர் கையேட்டில் பார்க்க வேண்டும்.

தண்டு. இதனைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1842-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் பிரான்சில் வெர்சேல்சிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் முன் என்ஜினுடைய அச்சு ஒடிந்தது. பெட்டிகள் ஏறி மோதித் தீப்பிடித்ததில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நல்ல இரும்பு ஏன் இப்படி ஒடிகிறது என்பதைப் பிரஷ்ய நாட்டுப் பொறியியலாளர் வோலர், 1850-களிலும் 60-களிலும் ரயில் அச்சுகளைச் சோதனைச்சாலையில் சுழற்றிச் சுழற்றி ஆராய்ந்தார். ஒரேயடியாக முறிக்க வேண்டிய பாரத்தைவிட மிகக் குறைந்த பாரமே, இலட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப ஏறியிறங்கினால் இரும்பை முறித்துவிடும் என்று அவர் நிறுவினார். இரும்புக்கும் களைப்பு உண்டு. அக்களைப்பு ஒரு கீறலாகத் தொடங்குகிறது. தண்டின் பருமன் மாறும் தோள், சாவிப் பள்ளத்தின் மூலை, பேரிங் அமரும் இடம் ஆகியவற்றிலேயே பெரும்பாலும் தொடங்குகிறது.

ஆகவே தண்டை உருவி, துடைத்து, இவ்விடங்களில் மண்ணெண்ணெய் தடவிச் சில நிமிடங்கள் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்குக்கட்டிப் பொடியைப் பூச வேண்டும். கீறல் இருந்தால் உள்ளே பதுங்கிய மண்ணெண்ணெய் ஊறி வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியும். தண்டின் முனையிலுள்ள பல்வரிகள் நேராக இருக்க வேண்டும். கயிறுபோல் முறுக்கியிருந்தால் அது அளவுக்கு மீறி இழுத்த தண்டு. இத்தகைய தண்டைப் பழுதுபார்ப்பதற்கு வழியில்லை. புதியது வாங்க வேண்டும்.

கூடு. வளைந்த கூடு டயரை ஒருபுறமாகத் தின்னும். பேரிங்கையும் எண்ணெய் சீலையும் கெடுக்கும். சோதிக்க எளிய வழி உண்டு. சம நீளமுள்ள இரண்டு நேர் சட்டங்களை இரு குடங்களின் முகத்திலும் நடுவாகப் பொருத்தி, சட்டங்களின் முனைகளுக்கிடையே உள்ள தூரத்தை முன்பக்கம், பின்பக்கம், மேற்பக்கம், கீழ்ப்பக்கம் என நான்கு நிலையிலும் அளக்கவும். பிறகு குடங்களை அரைச் சுற்று திருப்பி மீண்டும் அளக்கவும். நான்கும் ஏறக்குறைய ஒத்திருந்தால் கூடு நேரானது. வில் பட்டை மேடைகளைச் சுற்றிய பற்றுகளில் விரிசல் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

வாங்கும் கணக்கு

விலை ஒன்றை மட்டும் ஒப்பிடுவது கணக்காகாது. கணக்கு விளங்குவதற்காக மட்டும் இரண்டு அச்சுகளை எடுத்துக்கொள்வோம். முதல் அச்சு 12,000 ரூபாய். பேரிங்கும் சீலும் 5,000. பிரேக் வேலை 4,000. ஜாயின்ட் பொருந்தாததால் புரொபெல்லர் தண்டை மாற்றியமைக்க 4,500. ஆறு நாள் வண்டி நிற்பதால் நாளுக்கு 2,000 வீதம் வாடகை வண்டிக்கு 12,000. ஆக 37,500 ரூபாய். இரண்டாம் அச்சு 18,000 ரூபாய். அளவு முழுதும் ஒத்தது. சீல் முதலியன 2,000. பிரேக் வேலை 4,000. இரண்டு நாள் வாடகை 4,000. ஆக 28,000 ரூபாய். மலிவான அச்சு 9,500 ரூபாய் அதிகம் விழுங்கிற்று. குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதுமுன் இத்தகைய பட்டியலை ஒவ்வோர் அச்சுக்கும் போட வேண்டும். அப்பட்டியலில் புதிய அச்சின் விலையும் இடம்பெற வேண்டும். சில வேளைகளில் புதியதே சிக்கனமாக முடியும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. அதே தயாரிப்பு, அதே வகை அச்சை வைப்பது பழுது பார்த்தல். வேறு வகை அச்சையோ கூடுதல் பாரம் ஏற்றும் அமைப்பையோ வைப்பது மாற்றம். ஐயமிருப்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். எட்டாண்டு கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டியதாதலால், ஒளித்து வைக்கும் மாற்றம் நெடுநாள் ஒளிந்திராது.

அச்சு எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற விவரத்துடன் கடைக்காரரின் பெயர், முகவரி, தேதி கொண்ட ரசீது வாங்குவது கட்டாயம். திருட்டுப் பொருளை அறிந்து வாங்குவது குற்றம். ரசீதில்லாத பொருள் தணிக்கையிலும் நில்லாது. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்கள் இப்போது உள்ளன. அங்கே வாங்கும் பாகத்திற்கு மூலம் காட்டுவது எளிது.

பொருத்திய பின்

எண்ணெய் சீல்கள், பிரேக் கட்டைகள், பிரேக் சிலிண்டர் ரப்பர்கள், யு போல்ட்டுகள் ஆகியவற்றைப் புதிதாகவே போட வேண்டும். ஒருமுறை முறுக்கி நீண்ட யு போல்ட் மறுமுறை அதே பிடிப்பைத் தராது. கூட்டின்மேல் உள்ள சிறு காற்றுத் துளை அடைபட்டிருந்தால் சூடேறிய காற்று எண்ணெயைச் சீல் வழியாகப் பிரேக்குக்குள் தள்ளிவிடும். அதனைத் துடைத்துத் திறக்க வேண்டும். ஹைப்பாய்டு என்ற பல் வகையில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதால் சாதாரண எண்ணெய் நில்லாது. 1926-இல் அமெரிக்கப் பாக்கார்டு மோட்டார் வண்டியில் இவ்வகை புகுந்தது முதல் இதற்கென்றே தனி எண்ணெய் செய்யப்படுகிறது. கையேடு எந்த எண்ணெயைச் சொல்கிறதோ அதையே ஊற்ற வேண்டும்.

முதல் நாள் பாரமின்றி 15 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, குடங்களின் அருகிலும் நடு உருண்டை அருகிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு இயல்பு, கை வைக்க முடியாத சூடு பேரிங் இறுக்கத்தைக் காட்டும். இழுக்கும்போது மட்டும் அல்லது ஆக்சிலரேட்டரை விட்டதும் மட்டும் ஊளையிட்டால் பல் பொருத்தம் சரியில்லை. 500 கிலோமீட்டருக்குள் யு போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் மறுபடி முறுக்கி, எண்ணெயை மாற்றிக் காந்தச் சோதனையைத் திரும்பச் செய்வது நலம்.

அச்சைக் காப்பாற்றுவது பாரம் ஏற்றும் கையே

நல்ல அச்சையும் ஏற்றும் முறை கெடுத்துவிடும். வண்டியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைத்தூரம் 2.5 மீட்டர் எனக் கொள்வோம். 50 கிலோ மூட்டைகள் 20, அதாவது 1,000 கிலோ ஏற்றுகிறோம். பாரத்தின் நடு, பின் அச்சுக்கு முன்னே கால் மீட்டரில் அமைந்தால் பின் அச்சின்மேல் விழுவது 900 கிலோ. அதே பாரம் பின் அச்சுக்குப் பின்னே கால் மீட்டரில் அமைந்தால் பின் அச்சின்மேல் 1,100 கிலோ விழும்; முன் சக்கரங்கள் 100 கிலோ இலேசாகி, ஸ்டியரிங் பிடிப்பும் தளரும். ஒரு மூட்டைகூடக் கூடுதலாக ஏற்றாமலே அச்சுக்கு 200 கிலோ கூடிவிட்டது. வாழைத்தாரும் பாவு பீமும் வால்பக்கம் நீட்டி ஏற்றப்படும் ஒவ்வொரு முறையும் நிகழ்வது இதுவே. சுமையேற்றுவோருக்கு இக்கணக்கைச் சொல்லிக் காட்டுவது எந்தச் சோதனைக்கும் குறைந்ததன்று. ஏனெனில் நம் ஓட்டுநரும் சுமைத் தொழிலாளரும் எதிரே வரும் வழிப்போக்கரும் அந்த ஓர் அச்சை நம்பியே சாலையில் இருக்கின்றனர்.

அங்கத்தினர் கூட்டத்தில் ஆராய்வதற்கு

1. நம் சங்க வண்டியின் பின் அச்சு முழு மிதவையா, அரை மிதவையா? எந்த அடையாளத்தால் அறிந்தீர்கள்?

2. நம் வண்டி மாதத்தில் எத்தனை நாள் சமதளத்திலும் எத்தனை நாள் மலைப்பாதையிலும் ஓடுகிறது? அதற்கு ஏற்ற பல் விகிதம் பெரியதா, சிறியதா?

3. ஒருபுறக் குடத்தைப் பிடித்து மறுபுறத்தை 20 சுற்று சுற்றியபோது பினியன் 48¾ சுற்று சுழன்றது. விகிதம் என்ன? எந்த ஜீப்பின் விகிதத்தோடு அது ஒத்துள்ளது?

4. ஓடும் நிலையிலுள்ள நம் வண்டியின் ஏழு அளவுகளையும் இப்போதே எடுத்துச் சங்கப் பதிவேட்டில் எழுதி வைத்தால் என்ன பயன்?

நான்காவது வினாவுக்கு விடை எழுதுவதைவிட, அளவு நாடாவுடன் வண்டியடிக்குச் செல்வதே மேல். அச்சு முறிந்து சரக்கு தேங்கிக் கிடக்கும் நாளில் அவசரத்தில் எடுக்கும் அளவைவிட, வண்டி நலமாக நிற்கும் நாளில் நிதானமாக எடுத்த அளவே நம்பத்தக்கது.